வீட்டுப் பங்கு

புருஷனை நேரத்துக்கு வீட்டுக்கு வரவழைக்க ஜெசிந்தா வைக்காத நேர்த்தி இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தாள். பதின்மூன்று செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உப்பும் மிளகும் போட்டாள். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருவதில் அந்தோணியார் கெட்டிக்காரர்தான். ஆனால் பொன்மலைப்பட்டியில் சொந்த வீடு, நாளைக்கு நாலு போன் என்று கண்ணெதிரிலேயே இருந்துகொண்டு காணாமல் போனவனை அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அமலன் கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கலே. கெட்டவனாக இருந்தால் நாலு பேரைக் கூட்டிப் பஞ்சாயத்தாவது வைத்திருக்கலாம். குடி கிடையாது, சீட்டு கிடையாது. திருச்சியில் லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் பொறுப்பாளர். ஊர் முழுக்கப் பதினெட்டு மாடி, இருபது மாடி என்று கட்டிடங்கள் எழும்பிவிட்ட காலம் அது. எந்நேரமும் எவராவது ஒருவர் எங்காவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். இவன் ஓடிக்கொண்டிருந்தான். ஒரே மகள் செலின் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்றைக்குப் பூசை பாதியிலேயே எழுந்து ஓடினான். பத்தாவது கல்யாண நாளுக்கு வாங்கிய கேக்கை எறும்பு தின்றது.

அப்போதுதான் 'நிகர்' வந்தது.

காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி வைக்கிற அரிசியளவு மணி. வைக்கக் கால் மணி நேரம் ஆகும், ஒரு தையல். ஜெசிந்தா ஒரு மாதம் அழுது, ஒரு வாரம் பட்டினி கிடந்து அவனைத் தில்லைநகர் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஷாகிதா என்ற பெண் விளக்கினாள்.

"மனுஷனுக்கு ஒரு நாள்ல நாலு பங்குதான் சார். வேலை, வீடு, உடம்பு, அப்புறம் தனக்குன்னு கொஞ்சம். நீங்க நாலையும் வேலையிலயே கொட்டிக்கிட்டு இருக்கீங்க. ஒரு பங்கு முடிஞ்சதும் அது மேல இருக்கற ஈடுபாட்டை மணி இறக்கி விட்டுடும். அடுத்தது மேல ஏத்தி விட்டுடும்."

"வேலை மேல வெறுப்பு வந்துடுமா?" அமலனுக்கு அந்தக் கவலை.

"சேச்சே. பந்தியில வயிறு நிறைய சாப்பிட்டு முடிச்சப்புறம் இலையில ஜாங்கிரி இருந்தாலும் கை போகுமா? வெறுப்பா அது? போதும்னு இருக்கும். அவ்வளவுதான். ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கும் சார். இழுப்புதான் இருக்காது."

வீடு என்றால் யார் யார் என்று மணிக்குச் சொல்ல வேண்டும் என்றாள். பட்டியலில் இரண்டு பேர்: ஜெசிந்தா, செலின். பட்டியலுக்குப் பொறுப்பாளராக மனைவி கையெழுத்துப் போட்டாள். நேரம், மாலை ஆறிலிருந்து ஒன்பது. ஒன்பதிலிருந்து பத்தரை அவனுக்கே அவனுக்கு. அந்த நேரத்தில் என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டபோது அமலன் ஐந்து நிமிடம் யோசித்தான். சின்ன வயதில் கோவில் மன்றத்தில் ஆடிய கேரம் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. அதையே எழுதிக்கொண்டார்கள்.

"வேண்டாம்னா எடுத்துடலாமாம்மா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"மூணு மாசத்துக்குள்ளன்னா எடுக்கலாம்க்கா. அதுக்கு மேல போனா, ஊன்றுகோல் வச்சே நடந்து பழகின கால் மாதிரி ஆயிடும். எடுத்தா எது மேலயும் பிடிப்பில்லாம உக்காந்துடுவாங்க. ஆனா எடுக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

வந்ததில்லைதான். மறுநாளே ஆறு மணிக்கு அமலன் வீட்டு வாசலில் நின்றான். காய் நறுக்கினான். செலினுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான், அவளுடைய வகுப்புத் தோழிகள் பெயரெல்லாம் மனப்பாடம் செய்தான். ஜெசிந்தா பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டான். பதினோரு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆனது போலிருந்தது. ஒன்பது அடித்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கேரம் ஆடப் போவான். போகட்டுமே, ஆம்பளை ஒன்றரை மணி நேரம் கேரம் ஆடினால் குடியா முழுகிவிடும்?

ஒரு நாள் ஆறேகால் மணிக்குப் போன் வந்தது. எங்கோ ஒரு குடியிருப்பில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி பத்தாவது மாடிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பழைய அமலனாக இருந்தால் செருப்புக்கூடப் போடாமல் பறந்திருப்பான். இவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "எட்டு மணிக்கு நைட் ஷிப்டு ஆள் வந்துடுவார், அவர்கிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டுக் கொத்தவரங்காய்க்குத் திரும்பினான். லிஃப்டுக்குள்ளேயே வலி கண்டு, பிள்ளை தங்கவில்லை என்று மறுநாள் பேப்பரில் ஓர் ஓரமாக வந்திருந்தது. ஜெசிந்தா படித்தாள். "சேசுவே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டாள். அடுத்த வீட்டுத் துக்கம் எத்தனை நேரம் தாங்கும்? தன் வீட்டில் கொத்தவரங்காய்ப் பொரியல் நன்றாக வந்திருந்தது. கம்பெனிக்கும் வருத்தமில்லை. ஆட்கள் சண்டை போடாமல், லீவு கேட்காமல் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று அந்த வருஷமே எல்லாருக்கும் மணியைக் கட்டாயமாக்கிவிட்டது.

மூன்றாம் வருஷம் மார்ச் மாதம் ஜெசிந்தாவின் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது.

மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்றாம் வாரத்தில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. நாக்கில் தண்ணீர்கூடக் கசந்தது. பகல் முழுக்க அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆறு மணிக்குக் காத்திருப்பாள். அமலன் வருவான். வரும்போதே கண் கலங்கியிருக்கும். வாந்தியைக் கையில் ஏந்துவான். உதிர்ந்த முடியைக் கூட்டி அள்ளிக் காகிதத்தில் சுற்றி அவள் பார்க்காத இடத்தில் போடுவான். அந்த அன்பு பொய்யில்லை. சத்தியமாகப் பொய்யில்லை.

ஆனால் செலினும் வருவாள். பதின்மூன்று வயதுப் பெண், அம்மாவின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் உதடு துடிக்கும். அமலன் அவளை வராண்டாவுக்குக் கூட்டிப் போய் முதுகைத் தடவித் தேற்றுவான். அப்படியே அல்ஜீப்ராவும் நடக்கும். திரும்பி வரும்போது ஏழே முக்கால் ஆகியிருக்கும். ஜெசிந்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். பெற்ற மகள் மேல் ஒருத்திக்குப் பொறாமை வருமா என்று கேட்டால், சாவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளைக் கேட்க வேண்டும்.

ஏப்ரலில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டியது. உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஆடியது. டாக்டர் வந்து பார்த்து, இன்னும் சில மணி நேரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். அப்போது மணி எட்டு நாற்பது. அமலன் அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது ஜெசி, நான் இருக்கேன்ல, உன்னை விட்டுட்டு நான் எங்க போவேன்" என்று விம்மினான். அவளும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதுக்கு அந்தப் பிடி தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். "போர்வையை இழுத்துப் போர்த்திக்க. ஏதாவதுன்னா நர்ஸைக் கூப்பிடு" என்றான்.

"போகாதீங்க. இன்னிக்கு மட்டும்."

"காலையில பார்க்கலாம்மா" என்றான் நிதானமாக. படியில் இறங்கும்போது அவன் ஏதோ பாட்டைச் சீட்டியடித்தது அவளுக்குக் கேட்டது.

பிழைத்துக்கொண்டாள். எழுந்து நடக்க முடிந்த முதல் நாளே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துத் தில்லைநகருக்குப் போனாள்.

"வீட்டு நேரத்தைக் கூட்டிக் குடும்மா. ஒரு அஞ்சு மணி நேரமாக்கு."

"எதுலேருந்து எடுக்கறதுக்கா?" ஷாகிதாவுக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. "வேலைப் பங்குல கம்பெனி கை வைக்க விடாது. தூக்கத்துல எடுத்தா அவரே படுத்துடுவார்."

"அந்தச் சனியன் பிடிச்ச கேரம் போர்டு இருக்கே, அதுல எடு!"

"அதைத் தொடவே கூடாதுக்கா. தனக்குன்னு இருக்கறதைப் பிடுங்கினா மீதி மூணும் ஆட்டம் கண்டுடும். அதுதான் அஸ்திவாரம்." திரையைத் தள்ளிப் பார்த்தாள். "இருக்கற மூணு மணி நேரத்துல பாதிக்கு மேல உங்க பொண்ணுக்குப் போகுது. வேணும்னா..."

"வேணும்னா?"

"நான் இதைச் சொல்லக் கூடாதுக்கா. பட்டியல்லேருந்து ஒரு பேரை எடுத்தா, முழுசும் இன்னொருத்தருக்கு வரும்."

நம் ஊரில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டு. கல்யாணமானால் பேரை எடுப்பார்கள், வெளியூருக்குப் படிக்கப் போனால் எடுப்பார்கள், திரும்பி வந்தால் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்து சேர்ப்பார்கள். கார்டில் பேர் போனதால் யாரும் பிள்ளையில்லாமல் போய்விடுவதில்லை. அலைச்சல்தான் மிச்சம். ஜெசிந்தாவின் மனதில் ஓடியது இந்தக் கணக்குதான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வேறு பட்டியல் எதையும் அவள் பார்த்ததில்லை.

"அப்புறமா சேர்த்துக்கலாம்ல?"

"பேரைச் சேர்த்துக்கலாம்க்கா."

ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள். ஷாகிதா பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு, "ஆனா அக்கா, ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து ஐந்து அடித்தது. அவள் முகத்திலிருந்த இரக்கம் வடிந்து போனது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவளுக்கும் காதுக்குப் பின்னால் மணி உண்டு.

"ஆனா என்னம்மா?"

"நாளைக்கு வாங்களேன்க்கா" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் போய்க் கேட்டிருக்கலாம். போன் செய்தாவது கேட்டிருக்கலாம். ஜெசிந்தா கேட்கவில்லை. மீதியைக் கேட்டால் போட்ட கையெழுத்தை அழிக்க வேண்டிவரும் என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

பேரை எடுத்த பிறகு பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி? அப்பனைப் பார்த்துப் பார்த்து அது ஏங்கிப் போகும். திண்டுக்கல்லில் ஜெசிந்தாவின் அக்கா ஸ்டெல்லா இருந்தாள். ஜூன் மாதம் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று முடிவானது.

"நான் ஒரு மூலையில உக்காந்துக்கறேம்மா" என்று செலின் கெஞ்சினாள். "அப்பாகிட்ட பேசக்கூட மாட்டேன். உன்னைத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

"ஒரு வருஷம்தான்டா. இங்க இருந்தா உன் படிப்பு கெட்டுப் போயிடும்."

"எனக்குப் படிப்பு வேண்டாம்மா. நீ செத்துட்டா?"

ஜெசிந்தா அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். செத்துப்போவதற்குள் அவன் முழுதாகத் தனக்கு வேண்டும் என்பதை எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்?

பேருந்து நிலையத்தில் அமலன் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தான். "பத்திரமா போம்மா" என்றான், பக்கத்து வீட்டுப் பெண்ணை வழியனுப்புகிறவன் போல. செலின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் ஒரு முறையாவது திரும்பிப் பார்ப்பான் என்று பார்த்தாள். அவன் ஜெசிந்தாவுக்கு இளநீர் வாங்கப் போயிருந்தான்.

அதற்குப் பிறகு ஆறு மாதம். நோயாளிகளில் ஜெசிந்தா மாதிரி கொடுத்து வைத்தவள் கிடையாது. மூன்று மணி நேரமும் அவளுக்கே. கால் பிடித்துவிட்டான், கதை படித்துக் காட்டினான், அவள் ஒரு வாய் கஞ்சி குடித்தால் உலகத்தையே ஜெயித்தது போலச் சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரிகள் பெருமூச்சு விட்டார்கள். ஒன்பதுக்கு அவன் போகும்போதுகூட முன்போல வலிக்கவில்லை. வயிறு நிறைந்திருந்தது.

செலின் தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். அமலன் போனைப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா வீட்டுலேருந்து" என்று நீட்டுவான்.

"அப்பா எங்கம்மா?"

"குளிக்கிறார்டா."

ஒரு மாதம் முழுக்கக் குளித்தான். பிறகு கடைக்குப் போனான், பிறகு தூங்கினான். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வந்தது. பெண் படிப்பில் இறங்கிவிட்டது என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை மறைப்பானேன்.

டிசம்பர் முதல் வாரம் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், கட்டி இருந்த சுவடே இல்லை என்று. ஜெசிந்தா நேரே தில்லைநகருக்குத்தான் போனாள். இந்த முறை காலை பத்து மணிக்கே.

"சேர்த்தாச்சுக்கா" என்றாள் ஷாகிதா.

"இன்னிக்கே சரியாயிடுமா?"

ஷாகிதா திரையைத் திருப்பி வைத்தாள். "அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க மறுபடி வரவே இல்ல. பேரைச் சேர்த்தா மணி இடம் விடும், அவ்வளவுதான். பாசம் அதுவா வளரணும். வீட்டுக்குப் புதுசா ஒரு ஆள் வந்தா எப்படியோ அப்படி."

"பெத்த பொண்ணும்மா! தோள்ல போட்டு வளர்த்த பொண்ணு!"

"தோள்ல போட்டது ஞாபகம் இருக்கும்க்கா. இழுப்புதான் மொதல்லேருந்து வரணும். கைக்குழந்தைன்னா தூக்கித் தூக்கியே வந்துடும். பதினாலு வயசுப் பொண்ணு... அவ விடாம அவரையே சுத்திச் சுத்தி வந்தா, ஒட்டிக்கிட்டே இருந்தா, ஒரு நாள் வரலாம். எல்லாம் உங்க பொண்ணு கையிலதான் இருக்கு."

ஜெசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செலினா ஒட்டமாட்டாள்? ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அழுத பெண்ணாயிற்றே. அப்பன் எட்டி உதைத்தாலும் காலைக் கட்டிக்கொண்டு கிடப்பாள்.

அரையாண்டு லீவுக்கு செலின் வந்தாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். வாசலிலேயே ஜெசிந்தா ஓடிக் கட்டிக்கொண்டாள். பெண் பையை இறக்காமல் நின்று கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். "உடம்பு இப்ப எப்படி இருக்கும்மா? நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவள் ஒரு நாளும் அம்மாவை 'நீங்க' என்று சொன்னதில்லை. அக்கா வீட்டில் மரியாதை கற்றுக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஜெசிந்தா சமாதானம் செய்துகொண்டாள்.

ஆறு மணிக்கு அமலன் வந்தான். "வாம்மா. எப்ப வந்த? பெரியம்மா வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்ப்பா."

இருவரும் புன்னகைத்துக்கொண்டார்கள். ரயிலில் எதிர் எதிர் இருக்கையில் உட்கார்ந்தவர்கள்கூட அதைவிட அதிகம் பேசுவார்கள்.

எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வஞ்சிர மீன் குழம்பு, செலினுக்குப் பிடிக்கும் என்று வைத்தது. அமலன் நடுத்துண்டை எடுத்து முள் பார்த்து ஜெசிந்தாவின் தட்டில் வைத்தான். வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் தலைக்கு மேலாக அவளைக் கேட்டான்.

"எத்தனை நாள் இருப்பா?"

ஜெசிந்தா மகள் முகத்தைப் பார்த்தாள். அழப்போகிறாள், எழுந்து ஓடப்போகிறாள், ஓடினால் பிடித்து அணைத்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தாள்.

"ரெண்டாம் தேதி கிளம்பிடுவேன்ப்பா" என்று செலினே பதில் சொன்னாள். சோற்றைப் பிசைந்தபடி, முகத்தில் விழுந்த முடியை இடது கையால் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அங்கே ஒரு தையல் தழும்பு இருந்தது.

"யாரு... யாரு போட்டா இதை?"

"பெரியம்மாதான். ஆகஸ்ட் மாசம். கார்டியன்னு ஸ்கூல்ல அவங்கதானே கையெழுத்துப் போட்டிருக்காங்க." பெண் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். "எனக்குப் படிக்கவே முடியலம்மா. எப்பப் பார்த்தாலும் உங்களையும் அப்பாவையும் நெனைச்சு அழுதுக்கிட்டே இருந்தேன். சாப்பாடு எறங்கல, ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டேன். இதைப் போட்டா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாங்க. சரியாயிடுச்சு. இப்ப க்ளாஸ்ல மூணாவது ரேங்க்."

ஜெசிந்தா அவள் பக்கம் குனிந்தாள். "வீட்டுப் பட்டியல்ல... யார் யாருடா?"

"பெரியம்மா, பெரியப்பா, ரோஷன் அண்ணன். உங்க பேரையும் சேர்க்கட்டுமான்னு பெரியம்மா கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன்." செலின் ஒரு வாய் எடுத்து வைத்து மென்று விழுங்கினாள். "உங்களை நெனைச்சு அழாம இருக்கத்தானேம்மா போட்டுக்கறதே?"

கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெசிந்தா அந்தப் பிஞ்சுக் காலில் விழுந்திருப்பாள். குத்திக்காட்டியிருந்தால்கூடப் பிடித்துத் தொங்க ஒரு கயிறு கிடைத்திருக்கும். பெண் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "குழம்பு நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜெசிந்தா எச்சில் கையோடு மேசையில் கவிழ்ந்தாள். நோயில்கூட அவளிடமிருந்து வராத ஒரு சத்தம் வந்தது.

அமலன் பதறி எழுந்தான். கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். அவன் கண்ணிலும் கண்ணீர் கொட்டியது. "ஏன்டி அழற? என்னம்மா ஆச்சு? நான் இருக்கேன்ல" என்று முளைத்து வரும் அவள் முடியைத் தடவித் தடவிக் கொடுத்தான்.

ஒன்பது மணி ஆக இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அதில் பங்கு கேட்க இப்போது யாரும் இல்லை.